உடல் நம்முடையது, கேள்வி யாருடையது?

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக்கோட்டும் நுண்ணோக்கியும் கண்ணாடிக் குழாயும்தான் மனசில் வருகின்றன. அந்தப் படத்தில் நம்ம சனம் இல்லை. ஆனால் ஆராய்ச்சியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் நம்ம சனம்தான் கிடக்கிறது, பெயராக இல்லாமல் எண்ணாக. தர்மாஸ்பத்திரியின் பொதுவார்டில் படுத்தவர்கள், டப்பாவில் சளி துப்பிக் கொடுத்தவர்கள், யானைக்கால் சோதனைக்காக நடுராத்திரியில் எழுப்பி விரல்நுனியில் குத்தப்பட்டவர்கள். ஆராயப்பட்டவர்கள் நாம், ஆராய்ந்தவர்கள் அவர்கள். இந்தப் பிரிவினை இயற்கையாக அமைந்ததில்லை. எப்படி அமைந்தது, எங்கே உடைக்கலாம் என்று பார்க்கவே இந்தக் கட்டுரை.

சென்னையில் இருந்து தொடங்குவோம். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அன்றைக்கு டிபி என்றால் சானடோரியம். நல்ல காற்று, முட்டை, பால், முழு ஓய்வு. இவை இல்லாமல் வெறும் மாத்திரையில் நோய் போகாது என்பது மருத்துவ உலகத்தின் நம்பிக்கை. அப்படியானால் சானடோரியத்தில் இடம் கிடைக்காத ஏழை சாக வேண்டியதுதான்.

மையம் இந்த நம்பிக்கையையே சோதனைக்கு எடுத்தது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. இன்னொரு பாதி தன் வீட்டிலேயே, நெரிசலில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருந்தது. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு காலம். 1959இல் முடிவு வெளியானது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூடவே இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் ஒட்டவில்லை என்பதும் தொடர்ந்து கண்காணித்ததில் தெரிந்தது. இந்த ஒரே ஆய்வு உலகம் முழுக்க டிபி சிகிச்சையின் போக்கைத் திருப்பிப்போட்டது. ஏழை தன் வீட்டிலேயே பிழைக்கலாம் என்று நிரூபித்தவர்கள் சென்னையின் ஏழைகள்.

இந்த வரலாற்றில் இரண்டு விஷயங்களை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, அந்த மையம் இளம் மருத்துவர்களை ஆய்வாளர்களாக வளர்த்த விதம். ஆராய்ச்சி என்பது மூளைக்காரன் ஒருத்தன் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிப்பது என்றுதான் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சேத்துப்பட்டு வேறு கதை சொல்கிறது. அங்கே மருத்துவர் பக்கத்திலேயே புள்ளியியலாளர் இருந்தார், பரிசோதனைக் கூடம் இருந்தது. எந்த நோயாளி எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் எக்ஸ்ரேயைப் படித்தார். மாதச் சம்பளம் இருந்தது, ஒரே கேள்வியோடு வருஷக்கணக்கில் உழைக்க நேரம் இருந்தது. அங்கே சேர்ந்த மருத்துவர்கள் பலர் ஆய்வாளராக வந்து சேர்ந்தவர்கள் அல்லர், அங்கே வேலை செய்து ஆய்வாளர் ஆனவர்கள். 1961இல் ஃபாக்ஸ் ஊர் திரும்பினார். மையம் நின்றுவிடவில்லை. 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆனது, 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. 1992இல் அங்கே சேர்ந்த சௌமியா சுவாமிநாதன் பின்னாளில் அதன் இயக்குநர் ஆனார், 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி ஆனார். ஆக, ஆய்வாளர் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறார். பிறப்பால் வரும் அறிவு என்று ஒன்றைச் சொல்லி இரண்டாயிரம் வருஷம் நம்மை வெளியே நிறுத்தியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

இரண்டாவது, அந்த வேலையைத் தூக்கிச் சுமந்தவர்கள். வீட்டு நோயாளி மாத்திரையை முழுங்குகிறாரா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப்போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். சந்து சந்தாய் அலைந்த அந்தக் கால்கள் இல்லாவிட்டால் 86 என்கிற எண்ணும் இல்லை, 92 என்கிற எண்ணும் இல்லை. இன்றைக்கும் ஆராய்ச்சிக்கான தகவலைச் சேர்ப்பது கிராம சுகாதாரச் செவிலியரும் லேப் டெக்னீஷியனும்தான். நம் பிள்ளைகள் மருத்துவத்துறையில் அதிகமாக நுழைந்திருப்பதும் இந்த வாசல்களில்தான். ஆனால் ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே வரும் பெயர்களில் அவர்களைத் தேடிப் பாருங்கள்.

ஆராயப்பட்டவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பது இன்னொரு கேள்வி. 1968க்குப் பிறகு பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் பிசிஜி தடுப்பூசி ஆய்வு நடந்தது. லட்சக்கணக்கான பேர் கணக்கெடுக்கப்பட்ட பிரம்மாண்டமான ஆய்வு. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்று 1979இல் முடிவு வந்தது. 1999இல் வந்த பதினைந்தாண்டு அறிக்கையும் அதையே சொன்னது. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்க்கு அது பயன்படுவதால் இன்றும் போடுகிறார்கள்.) உலகமெல்லாம் விவாதித்த முடிவு. கையை நீட்டிய கிராமத்தான் இதை அறிய வேண்டாமா? "ரத்தம் எடுத்துக்கினு போறாங்க, அப்புறம் ஒரு சேதியும் வர்றதில்ல" என்று வானூர்ப் பக்கத்துக் காலனிகளில் சொல்வார்கள். ஆராய்ச்சி குறித்த ஆகப்பெரிய விமர்சனம் இந்த ஒரு வாக்கியம்தான்.

சரி, நம் பிள்ளை டாக்டர் ஆகிவிட்டால்? எம்.டி. படிப்பவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அரசு மருத்துவமனைப் பொதுவார்டே அதற்கான களம். அதாவது நம் உடம்பை வைத்துத்தான் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. இளநிலை மாணவர்களுக்காக 1979 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரண்டு மாத ஆய்வு உதவித்தொகை தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் வழிகாட்ட ஓர் ஆசிரியர் முன்வர வேண்டும், அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் பணம் வரும். விடுமுறையில் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய பிள்ளை, கைக்காசைப் போட்டு இரண்டு மாதம் ஆய்வு செய்வது எப்படி?

வழிகாட்டி கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு. தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்படுவதை ஆராய்ந்த சுக்தேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. விடுதியிலும் வகுப்பிலும் மதிப்பெண்ணிலும் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை அது வெளியே கொண்டுவந்தது. 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி முதுநிலை மருத்துவர் பாயல் தட்வி உயிரை விட்டார். சாதியைச் சொல்லி மூத்த மாணவிகள் மூவர் துன்புறுத்தினார்கள் என்பது வழக்கு. ஆராய்ச்சி என்பது மூத்தவரின் கையைப் பிடித்துக் கற்கும் தொழில். கையைத் தொடவே யோசிக்கிற இடத்தில் தொழில் எப்படிக் கைமாறும்? இடஒதுக்கீடு வாசலைத் திறக்கும். உள்ளே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதை எந்த அரசாணையும் இதுவரை கட்டாயமாக்கவில்லை.

இப்போது மரக்காணம் உப்பளத்துக்கு வருவோம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் நெய்தல் திணை படித்தோம், உமணர் வண்டியைப் படித்தோம். அந்த உப்பை வாரியவர் காலில் என்ன புண் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. மருத்துவ வகுப்பிலும் இதே கதைதான். வெகுகாலம் கழித்து, 2017க்கும் 2020க்கும் இடையில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருக்கிறது. உப்பளத்தில் கக்கூஸ் கிடையாது என்பதால் பெண்கள் தண்ணியே குடிக்காமல் அடக்கிக்கொண்டு வேலை செய்வது நம் ஆயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் தெரிந்த சேதி. அறிவியலுக்கு அது இவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் உப்பளத்து மகள் ஒருத்தி இருந்திருந்தால் முப்பது வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வி எழுந்திருக்கும்.

கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, வானூர் வட்டத்தின் எல்லையை ஒட்டி. புதுச்சேரியில் 1975 முதல் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கட்டடத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவருக்கும் செவிலியருக்கும் இந்தக் கட்டடங்களிலிருந்து ஒரு கை நீள வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை இவை. மாணவருக்கான ஆய்வுப் பணத்தில் பாதியாவது முன்கூட்டியே கொடு. கிராமப்புற அரசு மருத்துவருக்கு வாரத்தில் ஒரு நாளை ஆய்வுக்கென ஒதுக்கு, அதைப் பணிக்காலமாகக் கணக்கில் வை. புள்ளியியலாளர் ஒருவரை மாவட்டத்துக்கு நியமி. வழிகாட்டிகள் யார் யாரை எடுத்துக்கொண்டார்கள் என்று கல்லூரிகள் ஆண்டுதோறும் சாதிவாரியாகக் கணக்குக் காட்டட்டும். தகவல் சேர்த்த செவிலியரின் பெயர் கட்டுரையில் வரட்டும். முடிவு எதுவானாலும் தமிழில் எழுதி, ரத்தம் கொடுத்த காலனிக்குள் வந்து படித்துக் காட்டு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நர்சிங்கோ லேப் டெக்னீஷியனோ எம்.பி.பி.எஸ்ஸோ, எதைப் படித்தாலும் நீங்கள் பார்க்கும் நோயை நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தெரு, என்ன வேலை, எத்தனை வயசு, எந்த மாசம். ஐம்பது பேரை எழுதினால் அதிலிருந்து ஒரு கேள்வி கிளம்பும். அந்தக் கேள்வியோடு போய் ஆசிரியரின் கதவைத் தட்டுங்கள். ஒருவர் திறக்காவிட்டால் அடுத்தவர் கதவு. நோட்டு மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.