குறைகரிம நகரமும் பன்னாட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பும்: தியான்ஜின் சூழல் நகரத்தை முன்வைத்து

பன்னாட்டு நிறுவனங்கள் அயல்நாடுகளில் ஆற்றும் சமூகப் பொறுப்பு, பள்ளிக் கட்டடம், மருத்துவ முகாம், மரக்கன்று நடுதல் போன்ற அறப்பணிகளைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. நகரம் ஒன்றையே கட்டி விற்கும் நிறுவனத்துக்கு இந்த அளவுகோல் போதாது. போக்குவரத்து, கட்டடங்கள், மின்சாரம், கழிவு ஆகியவற்றிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவைத் திட்டமிடும் கட்டத்திலேயே குறைக்க முனையும் குடியிருப்பே குறைகரிம நகரம் எனப்படுகிறது. அங்கு நிறுவனத்தின் பொறுப்பு, எந்த நிலத்தில் கட்டுவது, யாருக்கு இடமளிப்பது, உமிழ்வை எப்படி அளப்பது என்னும் மூன்று முடிவுகளில் அடங்கியுள்ளது என்பதும், மூன்றாவதில்தான் நடைமுறை பின்தங்கி நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வடசீனத்தில் தியான்ஜின் மாநகரின் மையத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள சீன-சிங்கப்பூர் சூழல் நகரம் இதற்குத் தக்க சான்று. இரு நாட்டுப் பிரதமர்களும் 2007 நவம்பரில் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி, சுமார் 30 சதுர கி.மீ. பரப்பில் மூன்றரை லட்சம் பேருக்காக இந்நகரம் திட்டமிடப்பட்டது. கெப்பல் நிறுவனம் தலைமையிலான சிங்கப்பூர்க் கூட்டமைப்பும் சீனக் கூட்டமைப்பும் சரிபாதிப் பங்குடன் அமைத்த கூட்டு நிறுவனம் இதன் முதன்மை மேம்பாட்டாளரானது.

நில முடிவு பாராட்டத்தக்கது. விளைநிலத்தைத் தொடக்கூடாது, நீர்ப்பற்றாக்குறை உள்ள பகுதியாக இருக்கவேண்டும் என்னும் நிபந்தனைகளுக்கு ஏற்ப, உப்பளமும் உவர்நிலமும் மாசுபட்ட நீர்நிலையும் கொண்ட இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைக் கழிவு தேங்கிய, 2.6 சதுர கி.மீ. பரப்புள்ள குட்டை தூர்வாரித் தூய்மையாக்கப்பட்டு ஏரியானது. பசுமை நகரம் என்ற பெயரில் உழவர் நிலம் பறிபோகும் ஆபத்தை இத்தேர்வு தொடக்கத்திலேயே தவிர்த்தது.

குடியிருப்போரைப் பற்றிய முடிவும் எண்ணால் வரையறுக்கப்பட்டது. வீடுகளில் குறைந்தது 20 விழுக்காடு அரசு மானியம் பெற்ற பொதுவீடுகளாக இருக்கவேண்டும் என்பது நகரின் செயல்திறன் குறியீடுகளுள் ஒன்று. தூய காற்றும் பூங்காவும் நிலத்தின் விலையை உயர்த்துவதால், இத்தகைய ஒதுக்கீடு இல்லாத சூழல் நகரம் வசதி படைத்தோரின் குடியிருப்பாகவே முடியும். வேலைக்குச் செல்லும் குடியிருப்போரில் பாதிப்பேருக்கேனும் நகருக்குள்ளேயே வேலை கிடைக்கவேண்டும் என்னும் குறியீடு, வாழ்வாதாரத்தைப் பேணுவதோடு நெடும்பயணத்தையும் குறைக்கும்.

அளவுமுறையில்தான் குறை தெரிகிறது. நகரின் கரிம இலக்கு மொத்த உமிழ்வுக்கு வரம்பு கட்டவில்லை; பத்து லட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள உற்பத்திக்கு 150 டன் கரிமத்துக்கு மேல் போகக்கூடாது என்று மட்டுமே கூறுகிறது. இது உமிழ்வுச் செறிவு எனப்படும் விகிதம். செறிவு கால்பங்கு குறைந்து, உற்பத்தி இருமடங்கானால், மொத்த உமிழ்வு ஒன்றரை மடங்காகிவிடும். ஆயினும் இலக்கு எட்டப்பட்டதாகவே கணக்கு காட்டும். அதுபோலவே, 90 விழுக்காடு பயணங்கள் நடை, மிதிவண்டி, பொதுப்போக்குவரத்து ஆகியவற்றால் நிகழவேண்டும் என்னும் இலக்கு நகருக்குள் நிகழும் பயணங்களுக்கே உரியது. நாள்தோறும் தியான்ஜின் மையத்துக்குக் காரில் சென்று திரும்புபவரின் உமிழ்வு அதில் சேராது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமென்ட் ஆக்கும்போதும் நிலக்கரியால் எஃகு உருக்கும்போதும் வெளியேறும் வாயு, வேறிடத்து ஆலையின் பெயரில் எழுதப்படுவதால், புதிய நகரம் பிறக்கும்போதே சுமக்கும் கரிமக் கடன் கண்ணில் படுவதில்லை.

இலக்கு வகுப்பது இறையாண்மை கொண்ட அரசின் உரிமை, நிறுவனம் அதற்குக் கட்டுப்படுவது மட்டுமே என்று வாதிடலாம். அரசு தன் கடமையைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் மனித உரிமைகளை மதிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்குத் தனியே உண்டு என்பதை ஐ.நா. மனித உரிமை மன்றம் 2011-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் தெளிவாக்கியுள்ளன. உறைவிட உரிமைக்கு ஏற்ற இந்நெறி, அவ்விடத்தின் காற்றுக்கும் தட்பவெப்பத்துக்கும் பொருந்தாது என்பதற்குக் காரணமில்லை. நிறுவனங்களின் பசுங்குடில் வாயுக் கணக்கீட்டுக்கான நெறிமுறை, வாங்கும் பொருள்களின் உற்பத்தியிலும் விற்ற பொருளின் பயன்பாட்டிலும் வெளியேறும் உமிழ்வை ‘மூன்றாம் வரம்பு’ எனப் பெயரிட்டு நிறுவனத்தின் கணக்கிலேயே சேர்க்கிறது. ஆகவே நகரம் கட்டும் நிறுவனத்துக்கு, வாங்கிய சிமென்ட்டும் விற்ற வீடும் இரண்டுமே அதன் பொறுப்புக்கு உட்பட்டவை.

எழுதப்பட்ட குறியீடுகளின் மதிப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஷாங்காய் அருகே சோங்மிங் தீவில் பிரிட்டனின் அரூப் நிறுவனம் 2005 முதல் வடிவமைத்த டோங்டான் சூழல் நகரம், 2010-இல் முதற்கட்டக் குடியேற்றம் நிகழும் என்று அறிவிக்கப்பட்டும், அரசியல் ஆதரவு தளர்ந்தபின் எழும்பவே இல்லை. தியான்ஜின் நகரம் எழுந்து நின்றதற்கு, இரு அரசுகளின் உடன்பாடும் எண்களால் ஆன இலக்குகளும் துணைநின்றன. அந்த முறையைக் கைவிடாமல் மூன்று வகையில் விரிவாக்குவதே அடுத்த படி: ஆளொருவருக்கான மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைக்கவேண்டும், கட்டுமானப் பொருள்களின் உமிழ்வையும் நகர எல்லை தாண்டும் பயணத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும், வீடுகள் விற்றுத் தீர்ந்த பிறகும் முடிவுகளைத் தனித்த அமைப்பு ஒன்று சரிபார்த்து வெளியிடவேண்டும். இவை ஒப்பந்தத்தின் பிரிவுகளாக இடம்பெறும்போதுதான், அயல்மண்ணில் ஈட்டும் இலாபத்துக்கு ஈடான பொறுப்பை நிறுவனம் ஏற்றதாகக் கொள்ள முடியும்.