சொல்லப்படாத பாடம்: கம்பளையும் மலைநாட்டுக் குடும்பத்திட்டமும் – ஒரு வரலாற்று நோக்கு

இளமையில் எழும் காதலைப் பற்றிப் பேசுவதற்குப் பண்டைத் தமிழர் கூசினாரல்லர். தொல்காப்பியர் அகவாழ்வைக் களவு, கற்பு என வகுத்து, மணத்துக்கு முந்திய உறவுக்கெனத் தனியியல் ஒன்றையே அமைத்தார். மகளின் மாற்றத்தைக் கண்ட தாய் அவளை இற்செறித்தலும், உண்மையறிந்த தோழி அறத்தொடு நிற்றலும் அவ்விலக்கியத்தின் பொருள்களாயின. ஆனால், கருத்தடை என்பது அரசின் கொள்கையாகவும் அறிவியலின் கொடையாகவும் நம் மத்தியில் வந்து சேர்ந்த இருபதாம் நூற்றாண்டிலே, அது பற்றிய அறிவு இளையோருக்கு மட்டும் மறைக்கப்பட்ட பொருளாயிற்று. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதைக் கம்பளையையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதினான்காம் நூற்றாண்டில் சிங்கள மன்னரின் தலைநகராயிருந்த கம்பளை, 1820களில் அதன் அருகேயுள்ள சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் அமைத்ததிலிருந்து பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் வாயிலாக மாறியது. இங்கிருந்து தெற்கே புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையின் இருமருங்கிலும் தேயிலை மலைகளும் லயங்களும் பரந்துள்ளன. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என மூவினத்தாரும் கலந்து வாழும் இந்நகரில், குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு ஆகியவை பற்றிய மாற்றங்கள் ஒவ்வொரு சமூகத்தையும் வெவ்வேறு விதமாகத் தொட்டன. ஆதலின், நாடு முழுவதற்குமான ஒரு வரலாற்றை இச்சிறு பிரதேசத்தில் நின்று நோக்குதல் பொருத்தமானதே.

இலங்கையில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, மருத்துவமாதரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தோட்டங்களிலோ 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தின் கீழ்த் துரைமாரின் பொறுப்பிலிருந்த தோட்ட ஆஸ்பத்திரிகளும் டிஸ்பென்சரிகளுமே மக்களுக்குக் கதியாயின. 1946இல் ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டில் 14.3 ஆக வீழ்ந்தது. மலேரியா ஒழிப்பு இவ்வீழ்ச்சிக்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். குடித்தொகை பெருகத் தொடங்கவே, பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தல் அரசியலாளரின் கவனத்துக்கும் உரியதாயிற்று.

ஆயினும், இக்கருத்துக்கு வித்திட்டோர் அரசியலாளரல்லர். கனடாவிற் பிறந்து, தமிழரான இரத்தினத்தை மணந்து இலங்கையை வாழ்விடமாக்கிக்கொண்ட மருத்துவர் மேரி இரத்தினம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசியும் எழுதியும் வந்தார். பாடசாலைகளுக்கெனச் சுகாதார நூலொன்றை அவர் எழுதியமை இங்கு கவனிக்கற்பாலது. தமிழகத்திலும் 1930களில் பெரியாரின் ‘குடி அரசு’ கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையின் ஒரு கூறாக முன்வைத்தது. பெண்ணின் அறிவையும் உரிமையையுமே இம்முன்னோடிகள் முதன்மையாகக் கருதினர். குடித்தொகைக் கணக்கு அவர்களுக்கு இரண்டாம் பட்சமாகவே இருந்தது.

1952இல் பம்பாயில் சர்வதேசக் குடும்பத்திட்டச் சம்மேளனம் தோன்றியது. 1953இல் இலங்கைக் குடும்பத்திட்டச் சங்கம் அமைந்தது. 1958இல் சுவீடன் அரசு இலங்கையுடன் செய்துகொண்ட உடன்படிக்கை, உலகில் இத்துறையிலான இருதரப்பு உதவிகளுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இதன்படி இரண்டு பரிசோதனைத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. ஒன்று பண்டாரகமை என்னும் சிங்களக் கிராமப் பகுதியில். மற்றையது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமான டயகமையில். கருத்தடை மாத்திரை அமெரிக்காவிலேயே 1960இல்தான் அனுமதி பெற்றதாதலால், தொடக்கத்தில் உறை முதலிய பழைய முறைகளே இங்கு அறிமுகமாயின. 1948ஆம் ஆண்டின் சட்டத்தினால் குடியுரிமை இழந்து நின்ற மக்கள், வாக்காளராகக் கணிக்கப்படாதபோதும் குடித்தொகைத் திட்டத்தில் மட்டும் தவறாது கணிக்கப்பட்டனர் என்பது வரலாற்றின் கசப்பான உண்மையாகும்.

இங்கு இன்னுமொரு செய்தி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. உதவி வழங்கிய சுவீடன், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1955இல், தன் பாடசாலைகளில் பாலியற் கல்வியைக் கட்டாயமாக்கியிருந்தது. அந்நாட்டில் கருத்தடையும் கல்வியும் ஒரே இயக்கத்தின் இரு கைகளாயிருந்தன. நமக்கு வந்து சேர்ந்தது ஒரு கை மட்டுமே. சாதனம் கப்பலேறி வந்தது. பாடம் அங்கேயே நின்றுவிட்டது.

1965இல் அரசு குடும்பத்திட்டத்தைத் தாய் சேய் நலச் சேவையோடு இணைத்தது. மருத்துவமாது தம் பிரிவிலுள்ள தகுதியுடைய தம்பதியரைப் பதிவேட்டிற் குறித்து, அவர்தம் வீடுகளுக்குச் சென்றார். உலகம் போற்றிய இவ்வேற்பாட்டில் ஒரு குறை இயல்பாகவே உறைந்திருந்தது. ‘தம்பதியர்’ என்ற சொல்லுக்குள் அடங்காதோர் பதிவேட்டில் இடம்பெறவில்லை. 1973இல் குடும்பத்திட்டச் சங்கம் ‘பிரீத்தி’ என்னும் பெயரில் உறைகளைக் கடைகளில் மலிவாக விற்கத் தொடங்கியபோது சாதனம் வீதிக்கே வந்துவிட்டது. எனினும், அதைக் கேட்டு வாங்கும் துணிவும் அறிவும் வீதியிற் கிடைப்பவையல்ல.

அதே காலத்தில் திருமண வயதும் உயர்ந்து சென்றது. பெண்களின் சராசரித் திருமண வயது 1946இல் 20.7 ஆகவும், 1971இல் 23.5 ஆகவும், 1981இல் 24.4 ஆகவும் இருந்தது. இலவசக் கல்வி இதற்குப் பெரிதும் துணைபுரிந்தது. நாட்டின் பிறப்பு வீதம் வீழ்ந்ததற்குக் கருத்தடை மட்டுமன்றி இத்தாமதமும் முக்கிய காரணமாகும். ஆனால், இதன் மறுபக்கத்தை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பூப்பெய்துதலுக்கும் மணத்துக்கும் இடையே முன்பு சிலவாயிருந்த ஆண்டுகள் பத்துக்கு மேலாயின. பிள்ளை பெரியவளானதை ஊரறியச் சடங்கு செய்து கொண்டாடும் சமூகம், அம்மாற்றத்தின் பொருளை அவளுக்கே விளக்கத் தயங்கியது. ஆண்பிள்ளைக்கோ அத்தகைய சடங்குமில்லை, விளக்கமுமில்லை.

தோட்டங்களில் நிலைமை வேறுவகையானது. 1980 முதல் கருவள நீக்கச் சத்திரசிகிச்சைக்கு உடன்படுவோருக்கு அரசு பணம் வழங்கியது. தோட்டப் பெண்களிடையே அச்சிகிச்சையே பிரதான முறையாகப் பரவியது. தகவலறிந்து மனமொப்பித் தெரிவு செய்தனரா, வறுமையும் நிருவாகத்தின் நெருக்குதலும் அவர்களைத் தள்ளினவா என ஆய்வாளர் பிற்காலத்தில் வினவியுள்ளனர். அறிவு இல்லாதவிடத்துச் சம்மதமும் முழுமையற்றதே என்பதை இது உணர்த்துகிறது.

1995இல் சட்டங்கள் திருத்தப்பட்டன. திருமணத்துக்கான குறைந்த வயது 18 ஆகவும், பாலுறவுக்குச் சம்மதம் அளிக்கும் வயது 16 ஆகவும் உயர்த்தப்பட்டன. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இத்திருத்தத்தின் புறத்தே நின்றது. பதினாறு வயதில் சம்மதம் அளிக்கலாம். ஆனால் பதினெட்டுவரை மணம்புரிதல் இயலாது. இவ்விடைவெளியில் நிற்கும் இளையோர் தம்பதியர் பதிவேட்டுக்கு உரியவரல்லர். கருச்சிதைவோ, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையின்படி தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் குற்றமாகும். ஆக, அறியாமையின் விலையை முழுமையாகச் செலுத்துபவள் இளம்பெண்ணே.

பாடசாலையில் இவ்வறிவு புகாமலில்லை. 1970களில் குடித்தொகைக் கல்வி அறிமுகமாயிற்று. சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்கத் தொகுதி இடம்பெற்றது. எனினும், வளரிளம் பருவத்தினருக்கு நேர்முகமாக விளக்க முற்பட்ட ‘ஹதே அபே பொத’ என்னும் ஏழாந்தர நூல், அண்மைக் காலத்திலும் பௌத்த துறவியர் சிலரின் எதிர்ப்புக்குள்ளாகி வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

இவ்வறியாமை தனிமனிதரோடு நின்றுவிடுவதன்று. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரவிக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிற் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை. அங்கு காணப்பட்டது மாவுக் கட்டியே என இரசாயனப் பகுப்பாய்வு உறுதிசெய்தது. மறு மாதம் கண்டி மாவட்டத்தின் திகனையில் வேறொரு சம்பவத்தை அடுத்து வன்முறை மூண்டபோது, அவ்வதந்தி ஊட்டிய அச்சமும் அதற்கு எண்ணெய் வார்த்தது. கருத்தடை எவ்வாறு தொழிற்படுகிறது என்ற எளிய அறிவு பள்ளிப்பருவத்திலேயே ஊட்டப்பட்டிருப்பின், அத்தகைய பொய் அவ்வளவு விரைவில் வேரூன்றியிராது.

தொகுத்து நோக்கின், ஒரு தாய்க்கு ஐந்துக்கு மேலாயிருந்த பிள்ளைப்பேற்றை 2016இல் 2.2 ஆகக் குறைத்த இலங்கையின் சாதனை மறுக்கவொண்ணாதது. ஆனால், அச்சாதனை எண்ணிக்கையைக் குறிக்கோளாகக் கொண்டதேயன்றி, மேரி இரத்தினம் போன்றோர் விரும்பிய அறிவைக் குறிக்கோளாகக் கொண்டதன்று. தம்பதியருக்குச் சாதனத்தையும், தோட்டத்தவருக்குச் சத்திரசிகிச்சையையும் அளித்த வரலாறு, இளையோருக்கு மௌனத்தையே அளித்தது. பண்டைய அகப்பாடல்களில் தலைவிக்கு உண்மையை எடுத்துரைக்க ஒரு தோழியேனும் இருந்தாள். கம்பளையின் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவிக்கும் மாணவனுக்கும் அத்தோழியின் இடத்தில் நின்று பேசவேண்டிய கடமை, கற்றோரையும் கற்பிப்போரையும் சார்ந்ததாகும்.