சந்திரசேகரின் இரண்டாவது கணக்கு

பி.காம். படிக்கிறவனுக்கு விண்மீன் எதற்கு என்று கேட்காதீர்கள். கடத்தூரில் ராத்திரி மொட்டை மாடியில் படுத்தால் இப்படித்தான் ஏதாவது யோசனை வரும்!

சுப்ரமணியன் சந்திரசேகரைத் தெரியாதவர் உண்டா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர். வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்றார். 1935-ல் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் அதைக் கேலி செய்தார். 1983-ல் நோபல் பரிசு வந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அவருடைய இன்னொரு கணக்கைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 1969-ல் அமெரிக்காவில் ஜோசப் வெபர், அலுமினிய உருளையை வைத்து ஈர்ப்பு அலையைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம், 1970-ல், அறுபதை நெருங்கிய சந்திரசேகர் சிகாகோவில் ஒரு கணக்குப் போட்டார். வேகமாகச் சுழலும் விண்மீனில் எழும் சில அலைகள், ஈர்ப்பு அலைகளை வெளிவிடுவதால் அடங்காமல் வளரும் என்றார்.

அதெப்படி? ஓடும் பஸ்ஸுக்குள் ஒருவர் பின்னோக்கி நடக்கிறார். ரோட்டில் நிற்பவருக்கு அவர் முன்னால் போவதாகத்தான் தெரியும். வெளியே தெரியும் அந்த முன்வேகத்தைக் குறைத்தால், பஸ்ஸுக்குள் அவருடைய பின்நடை இன்னும் வேகமாகிவிடும். ஈர்ப்பு அலை செய்வதும் இதுதான். 1978-ல் ஃப்ரீட்மன், ஷுட்ஸ் இருவரும் சுழலும் விண்மீன்களுக்கெல்லாம் இதை விரிவாக்கினார்கள். இன்று இது மூவர் பெயராலும் அழைக்கப்படுகிறது.

நொடிக்கு 716 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன்கூட உண்டு. ஆகவே இந்த அலைகள் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் வரை இருக்கலாம்.

2015 செப்டம்பர் 14-ல் லைகோ பிடித்த முதல் அலை, இரண்டு கருந்துளைகள் மோதியது. அது 35-லிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை உயர்ந்தது. ஆயிரத்தைத் தாண்டினால் லேசர் ஒளித்துகள்களின் ஏற்ற இறக்கமே இரைச்சலாகி அலையை மறைத்துவிடுகிறது. 2017-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததைப் பிடித்தபோதும் இதனால்தான் கடைசி நொடித்துளி கேட்கவில்லை. 2019 முதல் 'அமுக்கிய ஒளி' என்ற உத்தியால் இந்த இரைச்சலைக் குறைக்கிறார்கள். மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியா அமைக்க 2023-ல் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது.

சந்திரசேகர் 1995-ல் மறைந்தார். அவர் சொன்ன அலை இன்னும் சிக்கவில்லை. விண்மீனின் உள் உராய்வு அதை அடக்கிவிடவும் கூடும். எங்கள் பாடத்தில் 'வராக்கடன்' என்று ஒன்று உண்டு. ஆனால் இந்தக் கணக்கை அதில் எழுதிவிட எனக்கு மனமில்லை. முதல் கணக்குக்கே நோபல் வர அரை நூற்றாண்டு ஆனதே!