செம்படாக் லெக்டினும் ஐடிஐஎச்4 துண்டும்: ஒரு மறுவாசிப்பு

சீரத்தை இருபரிமாண ஜெல்லில் ஓட்டிப் புற்றுநோய்க் குறிகாட்டி தேடியவர்கள் கடைசியில் அளந்தது அழற்சியைத்தான் என்ற முடிவு இத்துறையில் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. பல ஆய்வுகளுக்கு அது பொருந்தும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஓன் ஹாஷிம் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வையும் அதே கூடையில் போட்டது தவறு என்று கருதுகிறேன்.

செம்படாக் என்னும் பழத்தின் விதையிலிருந்து பிரித்த லெக்டின் புரதம், ஓ-வகைச் சர்க்கரைத் தொடர் கொண்ட புரதங்களைப் பற்றிக்கொள்ளும். அதன் துணையுடன் ஐந்து புற்றுகளின் சீரங்களை அக்குழு ஒப்பிட்டது. ஐடிஐஎச்4 என்ற புரதத்தின் 35 கிலோடால்டன் துண்டு மார்பகப் புற்றிலும் இருவகைச் சூலகப் புற்றுகளிலும் கூடியிருந்தது. மூக்குத்தொண்டைப் புற்றிலும் எலும்புப் புற்றான ஆஸ்டியோசார்கோமாவிலும் கூடவில்லை.

ஐடிஐஎச்4 அழற்சியின்போது கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் புரதம். ஆகவே துண்டு கூடியதும் அழற்சியால்தான் என்பது வழக்கமான மறுப்பு. ஆனால் இதே குழு 2006இல், மூக்குத்தொண்டைப் புற்றுநோயாளிகளின் சீரத்தில் செருலோபிளாஸ்மின் உயர்ந்திருப்பதைக் காட்டியது. அதுவும் அழற்சிப் புரதமே. இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்தால், அழற்சியின் அடையாளம் தெரிந்த நோயிலும் துண்டு கூடவில்லை என்றாகிறது. அழற்சி மட்டுமே காரணம் என்போர் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

முழுப் புரதத்தின் எடை சுமார் 120 கிலோடால்டன். பிளாஸ்மா கல்லிக்ரீன் என்னும் நொதி அதை 100, 35 என இரண்டாக வெட்டும் (ஜெல் காட்டும் எடைகள் தோராயமானவை என்பதால் கூட்டுத்தொகை 120 ஆகாது). அப்படியானால் 35இன் அளவு சொல்வது கல்லீரல் சுரந்ததை அன்று, நொதி வெட்டியதை. புரத அளவைப் பற்றிய மறுப்பால் வெட்டைப் பற்றிய சான்று வீழ்ந்துவிடாது.

வலுவான எதிர்வாதம் வேறு. குருதி உறையும்போது குழாயிலேயே வெட்டு நிகழலாம். ஆயினும் நியூயார்க்கில் டெம்ப்ஸ்ட் குழு 2006இல் சீரப் பெப்டைடுகளை ஆராய்ந்தபோது, எடுத்த குருதியில் நிகழும் வெட்டும் புற்றுக்கேற்ப வேறுபடுவதைக் கண்டது. அங்கே வெட்டியவை முனைகளைக் கத்தரிக்கும் நொதிகள், கல்லிக்ரீன் அப்படிப்பட்டதன்று; எனவே இந்த ஒப்புமையை ஓரளவுக்கு மேல் நீட்ட மாட்டேன். ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் இளவயதினரின் நோய் என்பதால் அந்த ஒப்பீட்டையும் நம்பியிருக்கவில்லை. துண்டு கூடியவை பெரும்பாலும் பெண்களின் புற்றுகள் என்பதால் எழும் பாலின ஐயம், ஒரே பாலினத்து நலமுள்ளோரோடு ஒப்பிட்டால் தீரக்கூடியது.

தீராதது, குருதி எடுத்ததிலிருந்து ஆய்வகத்தில் பிரிக்கும் வரையிலான நேரம். அருகிலுள்ள பிரிக்ஃபீல்ட்ஸில் எடுத்த குருதி லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தைச் சீக்கிரம் அடையும். தொலைவிலுள்ள கிள்ளானில் எடுத்தது கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் காத்திருக்கும். ஆகவே ஒரே நோயாளியிடம், ஒரே வேளையில், சீரமும் உறையவிடாத பிளாஸ்மாவும் எடுத்து, நேரத்தைக் குறித்து, இரண்டையும் ஓட்ட வேண்டும். பிளாஸ்மாவிலும் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் துண்டு கூடியிருந்தால் என் வாசிப்பு நிற்கும். காத்திருந்த நேரத்துக்கேற்ப மட்டுமே அது கூடிக் குறைந்தால் கைவிடப்பட வேண்டியதே.