சல்வீனியா: ஒரு களையின் பெயரும் வரலாறும்

தாவரத்துக்குப் பெயரிடுதல் ஆய்வுகூடத்தின் காரியம், களையகற்றுதல் வயலின் காரியம் எனப் பிரித்து நோக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சல்வீனியா என்னும் மிதக்கும் பன்னத்தின் வரலாறு இப்பிரிவினையின் போலித்தன்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

தென்னமெரிக்காவைச் சேர்ந்த இக்களை தன் தாயகத்துக்கு வெளியே முதன்முதலாகப் பதிவுபெற்ற நாடு இலங்கையாகும். 1939ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற்றுறை வாயிலாகவே அது இங்கு வந்தது. பின்னர் வாய்க்கால்களையும் குளங்களையும் நெல்வயல்களையும் மூடியது. அதன் வித்திகள் மலடானவை. ஆயின் முறிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச்செடியாக வளரவல்லது. எனவே கையால் அள்ளிய விவசாயி, எஞ்சிய துண்டுகள் பெருகியதும் மீண்டும் அள்ளவேண்டியவனானான். 1950களிற் கையாளப்பட்ட இரசாயன முறைகளும் நிலையான தீர்வைத் தரவில்லை.

களையின் இயற்கைப் பகையைக் கண்டறிவதற்கு அதன் தாயகத்தை அறிதல் வேண்டும்; தாயகத்தை அறிவதற்கு இனத்தைச் சரிவர இனங்காணல் வேண்டும். நெடுங்காலம் இது சல்வீனியா ஓரிக்குலாற்றா என்னும் வேறோர் இனமாகவே கொள்ளப்பட்டது. அவ்வினத்திலிருந்து பெறப்பட்ட கூன்வண்டு ஆபிரிக்காவில் விடப்பட்டபோது பயனளிக்கவில்லை. 1972இல் டி. எஸ். மிற்செல் இதனைத் தனியினமாக வகுத்துச் சல்வீனியா மொலெஸ்ரா எனப் பெயரிட்டார். 1978இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் அதன் தாயகத்தைத் தென்கிழக்குப் பிரேசிலிற் கண்டனர். அங்கிருந்து கொணர்ந்த கூன்வண்டு, 1980இல் குவீன்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் விடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அங்கு களைப்பரப்பு அழிந்தது. அவ்வண்டும் முன்னையதினின்றும் வேறான இனமென்பது 1985இலேயே நிறுவப்பட்டது. நடைமுறையின் வெற்றி இங்கு வகைப்பாட்டையே திருத்தியது எனலாம்.

1986இல் இவ்வண்டு இலங்கையில் விடப்பட்டது. சில ஆண்டுகளிற் பல நீர்நிலைகளிற் சல்வீனியா கட்டுக்குள் வந்தது. 1989இல் வெளியான பொருளியல் மதிப்பீடொன்று, செலவுக்கு எதிரான நன்மையைப் பணத்தில் 53 மடங்கு எனவும், உழைப்பு மணிகளில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட மடங்கு எனவும் கணித்தது.

இவ்விரு கணிப்புகளுக்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாடு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆய்வாளரின் ஒரு மணிக்கும், முழங்கால் நீரில் நின்று களையள்ளும் கிராமத்தவரின் ஒரு மணிக்கும் சந்தை இடும் விலை ஒன்றன்று. பின்னவரின் உழைப்பு மலிவாக மதிக்கப்படுவதனாலேயே, அதன் மீட்சியும் பணக்கணக்கிற் சிறுத்துத் தோன்றுகின்றது. உழைப்பை உழைப்பாலேயே அளக்கும்போது தான் அம்மக்கள் பல பத்தாண்டுகளாகச் சுமந்த பாரத்தின் உண்மையான அளவு புலனாகின்றது.

களை முற்றாக ஒழியவில்லை. வண்டும் களையும் குறைந்த அளவிற் சேர்ந்தே வாழ்கின்றன. எனினும் உயர்கல்வி நிலையமொன்றின் வாயிலாக வந்த சுமையை இறக்குவதற்கு விஞ்ஞானத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. அவ்வரை நூற்றாண்டும் அதற்கான விலையை வயலில் நின்றவர்களே செலுத்தினர் என்பதை, பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நாம் மறத்தலாகாது.