கடைசி வீட்டுக் குழந்தை வரை: பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தடுப்பூசிப் பணி

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை 2022இல் தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. நோய் வருமுன் காப்பதற்கென்றே தனி இயக்குநரகம் ஒன்றை இத்தனை காலம் கட்டிக்காத்தது நம் மாநிலத்தின் பெருமை. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் அந்தப் பெருமையின் இன்னொரு தூண். இந்தக் கட்டுரை அத்துறையின் பணிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது: பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போய்ச் சேர்ந்த வரலாறு. எந்தக் குழந்தைக்குச் சேர்ந்தது, எதற்குச் சேரவில்லை, ஏன் என்ற கேள்விக்கு மறைமலை நகரைச் சுற்றியுள்ள ஊர்களின் அனுபவமே விடை சொல்கிறது.

கிண்டியிலிருந்து கிராமத்துக்கு

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஜி. கிங் பெயரைத் தாங்கிய கிங் நிலையம் 1899இல் கிண்டியில் உருவானது. கன்றுகளிடமிருந்து அம்மைப்பால் தயாரித்து மாகாணத்துக்கு அனுப்புவது அதன் தொடக்ககால வேலை. அம்மை குத்துபவர்கள் அதைச் சுமந்து ஊர் ஊராகப் போனார்கள். குளிர்பதன வசதி இல்லாத காலம் அது. வெயில் ஏற ஏற மருந்து வீரியம் இழக்கும். தொலைவும் வெயிலும் சேர்ந்து எந்த ஊருக்கு எவ்வளவு காப்பு என்பதை அன்றே தீர்மானித்தன. ஆனாலும் அந்தப் பணி வென்றது. 1975இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1977இல் நாடு பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

1948இல் அதே கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் வந்தது. காசநோய்க்கு எதிரான அந்த ஊசி நாடெங்கும் போடப்பட்டபோது, 1955இல் ராஜாஜியே அதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். படித்தவர்களும் ஊசியைக் கண்டு தயங்குவார்கள் என்பதை நம் துறை அப்போதே அறிந்துகொண்டது. ஊசியின் பயனை அளந்து பார்க்கும் மிகப் பெரிய ஆய்வும் நம் மண்ணில்தான் நடந்தது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அதைத் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கை நீட்டினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு கிடைத்தது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது தடுப்பதால், பிறந்தவுடன் போடும் ஊசியாக இன்றும் தொடர்கிறது. ‘செங்கல்பட்டு ஆய்வு’ என்று உலக மருத்துவ நூல்கள் சொல்வது இந்தக் கிராமங்களின் பொறுமையைத்தான்.

ஏற்றமும் இறக்கமும்

1978இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டமும் 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் வந்தன. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை, காசநோய் ஆகிய ஆறுக்கும் எதிராக ஊசியும் சொட்டு மருந்தும் துணை சுகாதார நிலையம் வரை வந்தன. கிராம சுகாதார செவிலியர் என்ற புதிய உறவு ஊருக்குக் கிடைத்தது. மக்கள் அவரை நர்சம்மா என்றார்கள்.

விளைவை எண்ணில் பார்க்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் பெற்ற ஒரு வயதுக் குழந்தைகள் 1992-93இல் நூற்றுக்கு 65 பேர். 1998-99இல் அது 89 ஆனது. இந்தியா முழுவதிலும் பாதிக் குழந்தைகள்கூட முழுமையாகத் தடுப்பூசி பெறாத காலம் அது. பிறகு இறக்கம் தொடங்கியது. 2005-06இல் 81. 2015-16இல் 70. முன்னோடி மாநிலம் வழுக்கியது.

இதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு காரணத்தை ஒளிக்கவும் கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே பதறியது. அதன்பின், மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஊசி என்று முடிவானது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. அதன் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் பால்வாடிக்கு வந்த ஊசி, இரண்டு பஸ் மாறிப் போய்ப் போட வேண்டிய ஊசியானது. கூலிக்குப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம். ஊசி தாயைத் தேடி வந்தபோது வேறுபாடு குறைந்தது. தாய் ஊசியைத் தேடிப் போக வேண்டியபோது வேறுபாடு விரிந்தது. நம் நூற்றாண்டு வரலாற்றின் சாரம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

துறை அந்தப் பாடத்தைப் படித்தது. கிராம முகாம்கள் மீண்டன. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் ஒரு தவணை குழந்தையின் ஊசியோடு இணைக்கப்பட்டது. கருவுற்ற நாளிலிருந்து தாயைப் பின்தொடரும் பிக்மி பதிவு வலுப்பட்டது. 2019-21 ஆய்வில் தமிழ்நாடு மீண்டும் 89க்கு வந்தது. இருபது ஆண்டு சுற்றி, விட்ட இடத்தைப் பிடித்திருக்கிறோம்.

ஒரு புதன்கிழமை

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நீலப் பெட்டி வருகிறது. உள்ளே நான்கு பனிப்பொதிகள், நடுவில் மருந்துக் குப்பிகள். செவிலியர் ஒவ்வொரு குப்பியையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வெளிறி இருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் வெயில் பட்டுவிட்டது, தூக்கி எறிய வேண்டும். கிங் காலத்து அம்மை குத்துபவருக்குக் கிடைக்காத கண் இது.

ஆறு வாரக் குழந்தை மடியில். முதலில் வாயில் சொட்டு மருந்துகள். வலது மேற்கையில் தோலுக்குள் ஒரு சிறு ஊசி, வலது தொடையில் நிமோனியாவுக்கு ஒன்று, இடது தொடையில் ஐந்து நோய்க்கும் சேர்த்து ஒன்று. அழுகை அடங்கியதும் அட்டையில் தேதி எழுதி, “அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போம்மா, ராத்திரி காய்ச்சல் வந்தா பயப்படாதே” என்கிறார். தட்டம்மைக் குப்பியைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரே ஒரு குழந்தை வந்திருந்தாலும் குப்பியை உடைக்கத்தான் வேண்டும். மருந்து வீணானாலும் குழந்தை திரும்பிப் போகக்கூடாது என்பதே விதி.

யார் விடுபடுகிறார்கள்?

மறைமலை அடிகள் பெயரில் புதுநகராக எழுந்த நம் ஊர், திருக்கச்சூர், பேரமனூர், நின்னக்கரை, பொத்தேரி போன்ற பழைய ஊர்களின் மேல் வளர்ந்தது. போர்டு கார் ஆலை முதல் சிறு தொழிற்கூடங்கள் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வேலை பெருகப் பெருக ஆள் வந்தார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. கட்டட வேலையிடத்துத் தகரக் கொட்டகைகள், செங்கல் சூளைகள், ஏரிக்கரை இருளர் குடியிருப்புகள் ஆகியவற்றில்தான் விடுபட்ட குழந்தையைத் தேட வேண்டியிருக்கிறது.

‘வடக்கத்திக்காரர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எண்கள் அதை மறுக்கின்றன. 2019-21 ஆய்வில் ஒடிசா 90.5 விழுக்காடு, தமிழ்நாடு 89.2. நம்மைவிட ஒரு படி முன்னால் நிற்கும் மாநிலத்தின் தாய் இங்கே வந்தபின் குழந்தையின் ஊசி தவறினால், குறை அவள் பிறந்த ஊரில் இல்லை. இடம் பெயர்ந்ததில் இருக்கிறது. அட்டை ஒடியாவில் இருக்கிறது. அடுத்த ஊசி எந்தத் தெருவில், எந்த நாளில் என்று சொல்ல ஆளில்லை. நம் பெண்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவள், முதல் ஊசிகளை அங்கே போட்டுவிட்டுக் கணவன் ஊருக்குத் திரும்பும்போது, இரண்டு செவிலியர்களின் பதிவேட்டுக்கும் நடுவே குழந்தை நழுவிவிடலாம்.

வசதியுள்ள வீடுகளும் விதிவிலக்கல்ல. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலானவர்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடப்பட்டபோது, வாட்ஸ்அப் வதந்திகளை நம்பித் தயங்கியவர்களில் தனியார் பள்ளிப் பெற்றோர் பலர். ஏழைக் குழந்தைக்கு வழி அடைபட்டது. வசதியான குழந்தைக்கு நம்பிக்கை அடைபட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு வாசலுக்கே போகும் செவிலியர் வேண்டும். இரண்டாவதற்கு நேரம் ஒதுக்கிப் பேசும் மருத்துவர் வேண்டும்.

போலியோ தந்த வழி

எல்லாரையும் எட்ட முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1995இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்கள் பேருந்து நிலையம், ரயில் நிலையம், சூளை, கொட்டகை எதையும் விடவில்லை. மருந்து குடித்த குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்தார்கள். விடுபட்ட வீட்டுக்கு மறுநாள் திரும்பிப் போனார்கள். 2011 ஜனவரியோடு இந்தியாவில் போலியோ நின்றது. 2014 மார்ச்சில் சான்றும் கிடைத்தது. அந்த முகாமில் முகவரியும் அட்டையும் யாரும் கேட்கவில்லை. குழந்தை எங்கே இருந்ததோ அதுவே முகவரி.

அதே முறையை வழக்கமான தடுப்பூசிக்கும் நாம் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தக்காரர்களும் சூளை முதலாளிகளும் புதிதாக வந்த குடும்பங்களின் விவரத்தை அந்தப் பகுதிச் செவிலியருக்குத் தர வேண்டும். ஷிப்டு வேலைக்குப் போகும் தாய்மாருக்காக ஞாயிற்றுக்கிழமை முகாம் வேண்டும். இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் தன்னார்வலர்களை நம் நகராட்சி சேர்க்க வேண்டும். ஒரு செவிலியரின் தலையில் சுமத்தும் பதிவேடுகளைக் குறைத்து, அவர் வீடு வீடாகப் போக நேரம் தர வேண்டும். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் பல நூறு கோடி ரூபாயில் எழுப்பிய தடுப்பூசி வளாகம் 2021இன் கொரோனா நெருக்கடியிலும் உற்பத்தியைத் தொடங்கியிருக்கவில்லை. அது முழு வீச்சில் ஓடுவதைக் காணும் உரிமை இந்த மாவட்டத்துக்கு உண்டு.

நூற்றுக்கு 89 என்பது கொண்டாடத்தக்கது. வெயிலில் பெட்டி சுமந்த ஒவ்வொரு செவிலியருக்கும் அதில் பங்குண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தலைவணங்குகிறது. மீதிப் பதினொரு குழந்தைகள் எந்தக் கொட்டகையில், எந்தக் கரையில் இருக்கிறார்கள் என்பது அந்தச் செவிலியர்களுக்குத் தெரியும். அங்கே போகத் தேவையான ஆளும் வண்டியும் நேரமும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது நம் நகராட்சியின், ஆலைகளின், நம் எல்லாருடைய கடமை.