கிழமை இழந்த கிழவர்

ஆங்கிலத்தில் ‘டெக்ரெபிட்’ என்றொரு சொல் உண்டு. மூப்பால் நலிந்த மனிதரையும் பாழடைந்த கட்டடத்தையும் அந்த ஒரே சொல்லால் குறிப்பர். வகுப்பில் மாணவி ஒருவர் அதற்குத் தமிழ் கேட்டபோது, கணபதியில் நம் வீதியில் அன்றாடம் காதில் விழும் ‘தள்ளாத’ என்பதையே சொன்னோம். வீடு திரும்பியபின் வேர்களைத் தேடத் தோன்றியது.

லத்தீனில் ‘க்ரெபாரே’ என்றால் கிறீச்சிடுதல், விரிசலிட்டு ஒலித்தல். அதன்வழிப் பிறந்த ‘டெக்ரெபிதுஸ்’ பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. கிறீச்சிட்டு ஓய்ந்த பழங்கதவாகிறது உடல்.

மூப்பின் ஒலியை நம் புலவரும் கேட்டிருக்கிறார். புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் காட்டும் முதியவர், கோலூன்றி நடுங்குகிறார். இருமலுக்கு நடுவே சில சொற்களே பேசுகிறார். ஆயினும் அவர் பாழ்பட்ட பொருள் அல்லர். மடுவில் பாய்ந்து அடிமணல் அள்ளிவந்த தம் இளமையை நினைந்து இரங்கும் மனிதர்.

நம்மை வியக்கவைத்தது ‘கிழவன்’ என்னும் சொல். தொல்காப்பியத்தில் கிழவன் முதியவன் அல்லன், உரியவன், தலைவன். காதல் கொண்ட இளைஞனே அங்கே கிழவன். அவன் காதலி கிழத்தி. என்றும் இளையவனான முருகனும் குறிஞ்சிக் கிழவன்தான். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்பன ஊருக்கு உரியவர் என்னும் பொருளில் வந்த பெயர்கள். கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாளே ஞாயிற்றுக்கிழமை. நிலமும் மனையும் மூத்தோர் கையில் இருந்தமையால் உரியவரைக் குறித்த சொல் முதியவரைச் சுட்டலாயிற்று எனக் கருத இடமுண்டு.

இன்றோ அச்சொல் வசையாகிவிட்டது. உரிமையும் கைமாறிவிடுகிறது. காடு தோட்டமெல்லாம் மனைகளாகிவிட்ட நம் பகுதியில், ‘எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டனுங்க’ என்று சொல்லும் பெரியவர்களைக் கண்டிருக்கிறோம். அதன்பின் திண்ணையே அவர்கள் இடம்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தவர் சொத்தை எழுதிக் கொடுத்திருந்து, பெற்றவர் அதில் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்கிறது அதன் 23ஆம் பிரிவு. கிழவருக்குக் கிழமையை மீட்டுத் தரும் முயற்சி என்றே அதனைப் படிக்கத் தோன்றுகிறது.

எழுதிக் கொடுக்கும் முன்பே நம் பெரியவர்கள் அந்தப் பிரிவை அறிந்திருந்தால் நன்று. மாணவியிடம் மறுநாள் இதையும் சேர்த்தே சொன்னோம்.